மாணவர் புதுப்புனைவுப் போட்டிகள்: தோற்றமும் வளர்ச்சியும்

பள்ளி மண்டபத்தில் நீண்ட மேசைகள் வரிசையாக இடப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் ஒரு பிள்ளை நிற்கிறது. மேசைமீது அட்டையாலும் கம்பியாலும் பழைய தகரத்தாலும் ஆன ஏதோ ஒரு கருவி. நடுவர்கள் மெல்ல நடந்து வருகின்றனர். "இஃது என்ன, தம்பி?" என்று ஒருவர் கேட்கிறார். பிள்ளை வாய் திறப்பதற்குள், அருகே நிற்கும் ஆசிரியர் முந்திக்கொண்டு விளக்கம் கூறத் தொடங்குகிறார்.

இக்காட்சியைக் காணாத ஆசிரியர் நம்மிடையே இருத்தல் அரிது. பிள்ளையின்மீது கொண்ட அன்பினாலேயே ஆசிரியர் பேசுகிறார், ஐயமில்லை. எனினும் அந்த ஒரு கணத்தில், அக்கருவி யாருடையது என்னும் கேள்வி எழுந்துவிடுகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டி வைத்துப் பரிசு கொடுக்கும் வழக்கம் எங்கே தோன்றியது? எதற்காகத் தோன்றியது? அதனால் விளைந்த நன்மை யாது? அதன் வழியே புகுந்த தீங்கு யாது? இவற்றை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வது ஆசிரியர்க்குப் பயன் தரும்.

போட்டியின்றிப் பிறந்த புனைவு

முதலில் ஒன்றை நினைவில் நிறுத்துதல் வேண்டும். போட்டிகள் தோன்றியதனால்தான் பிள்ளைகள் புதுமை கண்டார்கள் என்று எண்ணுவது தவறு. உலகம் போற்றும் மாணவப் புனைவு ஒன்று எந்தப் பரிசையும் நாடிப் பிறந்ததன்று.

பிரான்சு நாட்டில் கூவ்ரே என்னும் சிற்றூரில் 1809-ஆம் ஆண்டு பிறந்தவர் லூயி பிரெய்ல். தந்தை குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி. மூன்று வயதில், தந்தையின் பட்டறையில் இருந்த கூரிய கருவி ஒன்று கண்ணில் பட்டு அவர் பார்வையை இழந்தார். பத்து வயதில் பாரிசு நகரத்துப் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். சார்லஸ் பார்பியே என்பார் வகுத்த புள்ளி எழுத்துமுறை ஒன்று 1821-இல் அப்பள்ளிக்கு அறிமுகமாயிற்று. ஓரெழுத்துக்குப் பன்னிரண்டு புள்ளிகள்வரை தேவைப்பட்டமையால் அதனை ஒரு விரல்நுனியால் ஒரே தொடுகையில் உணர இயலவில்லை. இந்தக் குறையை உணர்ந்தவர் மாணவர் பிரெய்ல். இரவெல்லாம் முயன்று, பன்னிரண்டை ஆறாகக் குறைத்து, 1824-இல் தம் பதினைந்தாம் வயதில் புதிய முறையை உருவாக்கினார்.

அவருக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. பள்ளித் தலைவர் பிஞ்ஞியே அம்முறைக்கு ஆதரவளித்தார். ஆனால், 1840-இல் அவருக்குப்பின் பொறுப்பேற்ற துயுஃபோ அதனைத் தடுத்தார். மாணவர்களோ அதனை விடவில்லை. தமக்குள் மறைவாக எழுதியும் படித்தும் காத்தனர். துணைத் தலைவர் கதே என்பாரின் முயற்சியால் 1844-இல் அதற்கு மீண்டும் இடம் கிடைத்தது. பிரெய்ல் 1852-இல் மறைந்தார். அவர் எழுத்தைப் பள்ளி முறைப்படி ஏற்றுக்கொண்டது 1854-ஆம் ஆண்டில்தான்.

இதனால் நாம் அறிவன இரண்டு. புனைவுக்குத் தாய் பரிசன்று. தன் வாழ்வில் தான் உணர்ந்த குறையே. ஆயினும், பிள்ளையின் புனைவு பிழைப்பதும் அழிவதும் பெரும்பாலும் மேலிருப்போர் கையில் இருக்கிறது. பிள்ளை கண்டதை உலகம் காணுமாறு செய்வதே போட்டியின் பயன் என்றால், அதனை வெறுத்து ஒதுக்குதற்கில்லை.

லண்டன் காப்பிக் கடையில் ஒரு கூட்டம்

இளையோர்க்குப் பரிசு அறிவித்துத் திறமையை வளர்க்கும் முறையின் தொடக்க காலச் சான்றுகளுள் ஒன்று, பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் காணப்படுகிறது. வில்லியம் ஷிப்லி என்னும் ஓவிய ஆசிரியர், 1754-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள் லண்டன் கோவெண்ட் கார்டன் பகுதியில் இருந்த ஒரு காப்பிக் கடையில் சிலரைக் கூட்டினார். கலை, தொழில், வாணிகம் ஆகியவற்றை வளர்க்க ஒரு சங்கம் அமைப்பதே நோக்கம். அச்சங்கமே பிற்காலத்தில் அரச கலைச் சங்கம் என்று பெயர் பெற்றது.

அச்சங்கம் முதன்முதலாக அறிவித்த பரிசுகளைப் பாருங்கள். நீலச்சாயம் தரும் கோபால்ட் தாதுவை உள்நாட்டில் கண்டுபிடிப்போர்க்கு ஒரு பரிசு. செஞ்சாயம் தரும் மஞ்சிட்டிச் செடியைப் பயிரிடுவோர்க்கு ஒரு பரிசு. இவற்றோடு சேர்த்து, பதினான்கு வயதுக்கு உட்பட்டோர்க்கும், பதினான்கு முதல் பதினேழு வயதுவரை உள்ளோர்க்கும் ஓவியப் பரிசுகள். சிறுவர் சிறுமியர் இருபாலார்க்கும் அப்பரிசுகள் உரியன.

சாயத்துக்கும் சிறுவர் ஓவியத்துக்கும் என்ன உறவு? துணியிலும் பீங்கானிலும் புதுப்புதுக் கோலங்கள் இட வல்லவர் இல்லையேல், நாட்டுத் தொழில் அயல்நாட்டுத் தொழிலுக்கு முன் நிற்க முடியாது என்று சங்கத்தார் கருதினர். சாயத்தைத் தேடுவதுபோலவே, சாயத்தைப் பயன்படுத்தும் கையையும் தேடினர். முதற்பரிசு பெற்ற சிறுவர் ரிச்சர்ட் காஸ்வே அப்போது பன்னிரண்டு வயதினர். பின்னாளில் அவர் இங்கிலாந்தின் புகழ்பெற்ற சிற்றோவியக் கலைஞர் ஆனார்.

ஆகவே, இளையோர் போட்டி பிறந்தபோதே அதனுள் இரண்டு நோக்கங்கள் பின்னிக்கிடந்தன. ஒன்று பிள்ளையின் வளர்ச்சி. மற்றொன்று நாட்டின் தேவை. இவ்விரண்டும் ஒத்துச் செல்லும்போது நன்மை விளைந்தது. ஒன்று மற்றொன்றை விழுங்கியபோது பிள்ளை வெறும் கருவியாயிற்று. பின்வந்த வரலாறு முழுவதும் இந்த இழுபறியே எனலாம்.

நியூயார்க்குப் பிள்ளைகள் கண்காட்சி

அமெரிக்காவில், நியூயார்க்கு நகரத்து அமெரிக்கன் இன்ஸ்டிடியூட் என்னும் கழகம் 1828-இல் நிறுவப்பட்டது. உழவுக் கருவிகளையும் இயந்திரங்களையும் மக்களுக்குக் காட்டும் பெரிய சந்தைகளை அக்கழகம் நடத்திவந்தது. நூறாண்டு நிறைந்த 1928-இல், அது பிள்ளைகளுக்கென்றே ஒரு கண்காட்சியை நடத்தியது. இடம், அந்நகரத்து இயற்கை வரலாற்றுக் காட்சிச்சாலை.

அந்தக் கண்காட்சியில் இயந்திரங்கள் முதன்மை பெறவில்லை. செடி கொடிகளும் இயற்கைப் பொருள்களுமே மிகுதியாக இடம் பெற்றன. அடுக்குமாடிகளுக்கிடையே வளரும் நகரத்துப் பிள்ளைகள் மண்ணையும் மரத்தையும் அறியாமற் போகின்றனரே என்னும் கவலை அக்காலத்து அறிஞர்க்கு இருந்தது. பிறகு சில ஆண்டுகளில் விஞ்ஞானச் சோதனைகளும் கருவிகளும் கண்காட்சியில் பெருகின. பள்ளிதோறும் விஞ்ஞான மன்றங்கள் எழுந்தன. நியூயார்க்கில் 1939-இலும் 1940-இலும் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் மாணவர்கள் பொதுமக்கள் கண்முன்னே சோதனைகள் செய்து காட்டினர்.

படியெடுத்தலும் படைத்தலும்

இதே காலத்தில் வேறொரு போட்டியும் நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கார்க்கூடு செய்யும் பிரிவான ஃபிஷர் பாடி, 1930-ஆம் ஆண்டில் இளங்கைவினைஞர் கழகம் ஒன்றைத் தொடங்கியது. நெப்போலியன் காலத்து அரச வண்டி ஒன்றின் சிற்றுருவைச் செய்து அனுப்புமாறு பையன்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். வரைபடம் கொடுக்கப்பட்டது. மரவேலை, உலோகவேலை, வண்ணவேலை, தையல்வேலை எல்லாம் அதனுள் அடங்கும். வென்றோர்க்குக் கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகை கிடைத்தது.

இது கைத்திறனுக்குச் சிறந்த சோதனை. ஆனால், கொடுத்த படத்தை அப்படியே செய்தவன் வல்லுநன். புதியது புனைந்தவன் ஆகான். இதனைக் கழகத்தாரே உணர்ந்தனர் போலும். 1937-முதல் மாணவர் தாமே வடிவமைத்த கார்களின் சிற்றுருவங்களுக்கும் பரிசு அளிக்கப்பட்டது. அரச வண்டிப் போட்டி நாளடைவில் கைவிடப்பட, கார்ப் போட்டியே நிலைத்தது. பரிசு பெற்ற இளைஞர் பலர் பின்னாளில் கார் வடிவமைப்பாளராயினர். படியெடுத்தலிலிருந்து படைத்தலுக்குச் சென்ற இந்த மாற்றம், எல்லாப் போட்டிகளும் கற்கவேண்டிய பாடம்.

அதில் ஒரு பெருங்குறையும் இருந்தது. 1968-இல் அக்கழகம் மூடப்படும்வரை அது பையன்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 1754-இல் லண்டனில் சிறுமியர்க்குத் திறந்திருந்த கதவு, இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் அடைத்துக்கிடந்தது! காலம் செல்லச் செல்ல அறம் தானே வளரும் என்று நம்பியிருத்தல் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

போர்க்காலத்துப் போட்டி

1942-ஆம் ஆண்டில், வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் பொருளுதவியுடன் 'விஞ்ஞானத் திறன் தேடல்' என்னும் போட்டி தொடங்கியது. அதனை நடத்தியது 1921-இல் நிறுவப்பட்ட சயன்ஸ் சர்வீஸ் என்னும் அமைப்பு. உயர்நிலைப் பள்ளியின் இறுதி ஆண்டு மாணவர்களுள் நாற்பதின்மர் தேர்ந்தெடுக்கப்பட்டு, தலைநகர் வாஷிங்டனுக்கு அழைக்கப்பட்டனர். இதில் பெண்களுக்கும் இடமிருந்தது. அது போர்க்காலம். விஞ்ஞானம் நாட்டின் படைக்கலம் என்ற எண்ணம் மேலோங்கி நின்றது.

போர் முடிந்தபின், 1950-இல் பிலடெல்பியா நகரத்து ஃபிராங்க்லின் கழகத்தில் முதலாவது தேசிய விஞ்ஞானக் கண்காட்சி நடைபெற்றது. இறுதிச் சுற்றுக்கு வந்தோர் முப்பதின்மர். 1957-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. அமெரிக்கப் பள்ளிகளின் விஞ்ஞானக் கல்வி பின்தங்கிவிட்டதோ என்னும் அச்சம் நாடெங்கும் பரவிற்று. மாணவர் கண்காட்சிகளின் மதிப்பும் உயர்ந்தது. 1958-இல் ஜப்பான், கனடா, ஜெர்மனி ஆகிய நாட்டு மாணவரும் வந்து கலந்துகொள்ள, அது பன்னாட்டுக் கண்காட்சி ஆயிற்று.

நாட்டுத் தேவையே இப்போட்டிகளை வளர்த்தது என்றாலும், அவற்றால் தனிப்பட்ட பிள்ளைகள் அடைந்த வாழ்வையும் மறுக்க இயலாது. ரோல்ட் ஹாஃப்மன் என்னும் வேதியியல் அறிஞர் 1937-இல் அன்றைய போலந்து நாட்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிகளின் கொடுமைக்கு அஞ்சி, அவரும் அவர் தாயும் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் பரணில் ஒன்றரை ஆண்டுக்காலம் ஒளிந்து வாழ்ந்தனர். தந்தை கொல்லப்பட்டார். 1949-இல் அமெரிக்கா வந்துசேர்ந்த அச்சிறுவர்க்கு ஆங்கிலம் ஆறாவது மொழி. வந்த ஆறே ஆண்டுகளில், 1955-இல், விஞ்ஞானத் திறன் தேடலின் இறுதிச் சுற்றில் அவர் இடம் பெற்றார். 1981-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவரை நாடி வந்தது. அவர்க்கு முன்னே அதே போட்டியின் இறுதிச் சுற்றில் நின்ற ஷெல்டன் கிளாஷோ 1979-லும், வால்டர் கில்பர்ட் 1980-லும் நோபல் பரிசு பெற்றனர்.

அயர்லாந்து கற்பித்த பாடம்

பெரிய நாட்டால் முடியும். சிறிய நாட்டால் முடியுமா என்று கேட்போர்க்கு அயர்லாந்து விடை கூறும். டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் பௌதிக ஆசிரியர்களாகிய டோனி ஸ்காட்டும் டாம் பர்க் பாதிரியாரும் 1963-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, அங்கு மாணவர் விஞ்ஞானக் கண்காட்சி ஒன்றைக் கண்டனர். தம் நாட்டுப் பிள்ளைகள் விஞ்ஞானத்தைப் புத்தகத்தில் மட்டுமே படிக்கின்றனரே என்று வருந்தினர். ஊர் திரும்பி, 1965-இல் டப்ளின் நகரத் தலைவரின் மாளிகை மண்டபத்தில் 'இளம் விஞ்ஞானி' கண்காட்சியைத் தொடங்கினர். முதலாண்டில் வந்தோர் ஏறக்குறைய 230 பேர். முதற்பரிசு பெற்ற மாணவர் ஜான் மொனஹன், பின்னாளில் உயிரியல் மருந்துத் துறையில் நிறுவனம் கண்டார். 2005-இல் பரிசு பெற்ற பேட்ரிக் காலிசன், தம் தம்பியுடன் சேர்ந்து ஸ்ட்ரைப் என்னும் பணப்பரிமாற்ற நிறுவனத்தை உருவாக்கினார்.

ஆயினும், அப்போட்டியின் வரலாற்றில் ஆசிரியர்கள் போற்றத்தக்க நிகழ்ச்சி வேறொன்று. 1999-இல் முதற்பரிசு பெற்றவர் சாரா ஃபிளானரி என்னும் பதினாறு வயது மாணவி. தந்தை கணித ஆசிரியர்; வீட்டுச் சமையலறையில் ஒரு கரும்பலகை; அதில் நாள்தோறும் புதிர்க்கணக்குகள். இரகசியச் செய்திகளை எண்களாக மாற்றி அனுப்பும் புதிய முறையொன்றை அம்மாணவி ஆராய்ந்தார். வழக்கிலிருந்த ஆர்.எஸ்.ஏ. முறையைவிட அது பன்மடங்கு விரைவானது. உலக நாளிதழ்கள் அவரைப் புகழ்ந்தன. அதனைத் தனியுரிமை செய்துகொண்டால் பெரும்பொருள் கிட்டும் என்றனர் பலர்.

பின்னர், அம்முறையில் ஒரு குறை இருப்பது தெரிந்தது. வெளிப்படையாகத் தெரியும் எண்களைக் கொண்டே இரகசியத்தை உடைத்துவிட இயலும். அம்மாணவி என்ன செய்தார்? மறைக்கவில்லை. தம் கட்டுரைக்குப் பிற்சேர்க்கையாக, தம் முறையை உடைக்கும் வழியையும் தாமே எழுதிச் சேர்த்தார். அதனால் அவர் பெருமை குறையவில்லை. பரிசு கருவிக்கு உரியதன்று, ஆராயும் உள்ளத்துக்கு உரியது என்பதை இந்நிகழ்ச்சி விளக்குகிறது. வென்றது பொய்யாகுமிடத்தும் உண்மையைச் சொல்லும் துணிவைக் கற்பித்தால், அந்தப் போட்டி வேறெதையும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஓர் இஸ்திரி வண்டியின் கதை

இனி இந்தியாவை நோக்குவோம். 2000-ஆம் ஆண்டில் தேசியப் புத்தாக்க நிறுவனம் அமைக்கப்பட்டது. அதன் தோற்றத்துக்கு முன்னோடியாக இருந்தவர் அகமதாபாத்துப் பேராசிரியர் அனில் குப்தா. ஊர் ஊராக நடந்து, உழவரும் தொழிலாளரும் தாமே கண்ட கருவிகளைத் தேடித் தொகுத்தவர் அவர். அந்நிறுவனம் மாணவர்க்கென நடத்தும் 'இக்னைட்' போட்டி, பின்னாளில் அறிஞர் அப்துல் கலாமின் பெயரைத் தாங்கியது.

இப்போட்டியின் தனிச்சிறப்பு யாது? பிள்ளை கருவியைச் செய்துகொண்டு வர வேண்டியதில்லை. தன் கருத்தைத் தாளில் எழுதி அனுப்பினால் போதும். நல்ல கருத்தாயின், நிறுவனத்தின் பொறியாளர்கள் அதற்கு உருக்கொடுக்க உதவுகின்றனர். பட்டறையும் பணமும் உடைய வீட்டுப் பிள்ளைக்கும், ஒன்றும் இல்லாத குடிசைப் பிள்ளைக்கும் இடையிலுள்ள பள்ளத்தை இம்முறை ஓரளவு நிரப்புகிறது.

தமிழ்நாட்டில் திருவண்ணாமலையைச் சேர்ந்த மாணவி வினிஷா உமாசங்கர், தெருவில் கரி அடுப்புப் பெட்டியால் துணி தேய்க்கும் தொழிலாளியையும், எரிந்து தீர்ந்த கரி கொட்டப்படுவதையும் கண்டார். நாம் எல்லோரும் கண்டு கடந்துபோகும் காட்சிதான். அந்தச் சிறுமி கடந்துபோகவில்லை. கரிப்புகையை நாள் முழுதும் சுவாசிக்கும் தொழிலாளியின் நெஞ்சையும், கரிக்காக வெட்டப்படும் மரங்களையும் எண்ணிப் பார்த்தார். கதிரவன் ஒளியால் இயங்கும் இஸ்திரி வண்டி ஒன்றை வடிவமைத்தார். 2019-இல் இக்னைட் பரிசு பெற்றார். 2021-இல் கிளாஸ்கோ நகரில் கூடிய உலகப் பருவநிலை மாநாட்டில் பேசும் வாய்ப்பும் அவர்க்குக் கிடைத்தது.

பிரெய்லுக்குத் தம் விரல்நுனி கற்பித்தது; இம்மாணவிக்குத் தம் தெரு கற்பித்தது. இருவரும் வினாவைப் பிறரிடமிருந்து வாங்கவில்லை.

நம் கடன்

மலேசியத் தமிழ்ப் பள்ளிகளிலும் இந்த அலை வீசாமலில்லை. தமிழ்ப் பள்ளி மாணவர் பன்னாட்டுப் புத்தாக்கக் கண்காட்சிகளுக்குச் சென்று பதக்கங்களுடன் திரும்பிய செய்திகளை நாம் மகிழ்ச்சியுடன் படித்திருக்கிறோம். தோட்டப்புறத்துப் பிள்ளையும் மேடையேறிய அப்படங்களைக் கண்டு பெருமிதம் கொள்ளாதார் யார்?

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்லுதல் வேண்டும். 2003-ஆம் ஆண்டில் மலேசியப் பள்ளிகளில் விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தொடங்கியது. 2009-இல் அதனைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. இரு பக்கத்து வாதங்களும் நம் ஆசிரியர்க்குத் தெரியும். போட்டிகளின் வரலாறு இவ்விவாதத்துக்கு ஒரு கருத்தைத் தருகிறது. ஆறாவது மொழியிலும் ஹாஃப்மன் வென்றார் என்பது உண்மை; பிறமொழி தடையன்று. ஆனால், 'இஃது ஏன் இப்படி இருக்கிறது?' என்னும் முதல் வினா, பிள்ளை வீட்டில் பேசும் மொழியில்தான் எழும். அந்த வினாவைக் கேட்டுத் தமிழிலேயே பதில் பேசும் ஆசிரியர் ஒருவர் இருந்தால், அதனைப் பின்னர் எம்மொழியிலும் எடுத்துரைக்கப் பிள்ளை கற்றுக்கொள்ளும். வினாவே எழாத பிள்ளைக்கு எம்மொழியும் உதவாது.

ஆகவே, போட்டிக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லும் ஆசிரியர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியவை சில உள. இச்சிக்கலைக் கண்டது யார், பிள்ளையா நானா? கருவி பழுதுபட்டால் இப்பிள்ளை தானே செப்பனிடுமா? தவறிய முயற்சிகளையும் குறிப்பேட்டில் எழுதச் சொன்னேனா? கெட்டிக்காரப் பிள்ளைகள் இருவரை மட்டும் அழைத்துச் செல்கிறேனா, பின்வரிசையில் பேசாதிருக்கும் பிள்ளையின் கையையும் பார்த்தேனா?

பதக்கம் பள்ளியின் கண்ணாடிப் பேழையில் இருக்கும். சில ஆண்டுகளில் அதன் மெருகு மங்கும். பிறர் செய்துகொடுத்த கருவிக்குப் பரிசு வாங்கிய பிள்ளை, உலகம் இப்படித்தான் நடக்கிறது என்று கற்றுக்கொள்கிறது. தன் சிறு கருவி தோற்றாலும் அதனைத் தானே செய்த பிள்ளையோ, தன்னால் உலகத்தை மாற்ற இயலும் என்று கற்றுக்கொள்கிறது. இவ்விரண்டு கல்விகளும் ஒரே மண்டபத்தில், ஒரே நாளில், அடுத்தடுத்த மேசைகளில் நடைபெறுகின்றன.

நடுவர் அடுத்த முறை, "இஃது என்ன, தம்பி?" என்று கேட்கும்போது, நாம் சற்று விலகி நிற்போம். பிள்ளை தடுமாறலாம், சொற்கள் முன்பின்னாக வரலாம். வரட்டும். அந்தத் தடுமாற்றத்தைப் பொறுத்திருந்து கேட்பதும் ஆசிரியப் பணியே.